தொட்டில் டிரைவர் கடல் பார்க்கப் போன கதை

சுற்றுலா பஸ்ஸில் முன் இருக்கை பிடிப்பதற்காக அவளுடைய வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்து பஸ் வாசலில் நின்றுகொண்டார். கடல் நன்றாகத் தெரியும் என்பதற்காக அல்ல. அவருக்கு ரோடு தெரிய வேண்டும். வருஷம் முழுக்க டவுன் பஸ் ஓட்டுகிற மனுஷன், லீவு போட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் ரோட்டைத்தான் பார்ப்பேன் என்று நின்றால் யார் என்ன செய்ய முடியும்?

"இன்னொருத்தர் வண்டி ஓட்டறதைப் பாக்கவா ரயிலேறி வந்தோம்?" என்று கேட்டாள்.

"பின்னாடி உக்காந்தா உனக்குத் தலை சுத்தும். உனக்காகத்தான்" என்று பழியைத் தூக்கி அவள் தலையிலேயே போட்டார்.

அம்மா இன்னும் கடலையே பார்த்ததில்லையே என்று கல்யாணமாகிப் போன மகளுக்குத் திடீரென்று ஒரு வருத்தம். ரயில், தங்குகிற அறை, ஊர் சுற்றிக் காட்டும் பஸ் என்று எல்லாவற்றையும் அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். நேற்று வேலை முடிந்து ராத்திரி ரயில். இன்று சனிக்கிழமை, ஊர் பார்ப்பது. நாளை திரும்ப ரயில். திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கம்போல் டிப்போவில் வண்டி எடுக்க வேண்டும்.

டிப்போவில் அவருக்குப் பெயர் 'தொட்டில்'. அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டியும் தூங்குவார்கள். கண்டக்டருக்கு டிக்கெட் கொடுப்பதைவிட ஆட்களை எழுப்பிவிடுவதுதான் பெரிய வேலை. இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அதை அவராக யாரிடமும் சொல்ல மாட்டார். பேச்சை மெல்ல அந்தப் பக்கம் திருப்பி, எதிரில் இருப்பவர் வாயால் வரவழைத்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார்.

இருவரும் டிரைவருக்கு எதிர்ப்பக்கம், படியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அவள், அவளுக்கு வலது கைப்பக்கம் அவர். பஸ் கிளம்பியதும் அவருடைய வலது கால் வேலையை ஆரம்பித்தது.

அந்தக் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேறு யாராவது வண்டி ஓட்டினால் அவருடைய கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். ஆட்டோவில் மிதிக்கும், மருமகன் காரில் மிதிக்கும், சினிமாவில் கார் துரத்தல் வந்தால் தியேட்டரிலும் மிதிக்கும். மாப்பிள்ளை ஒருநாள், "மாமா, என் வண்டிக்கு ரெண்டு டிரைவர்" என்று சிரித்துவிட்டார். அவளுக்கு அது பழகிப்போன சங்கதி. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும், அந்தக் கால் அழுத்துவதை வைத்தே ரோட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். லேசாக அழுத்தினால் முன்னால் வண்டி. நறுக்கென்று அழுத்தினால் யாரோ குறுக்கே வருகிறார்கள். ஓட்டுகிறவர் பிரேக் போடுவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே அவர் கால் போட்டிருக்கும்.

கடைத்தெரு வளைவில் அது நடந்தது. இடது பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர், பின்னால் அடுக்கிய பெட்டிகளோடு, சீறிக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்தது. ஜன்னலோரம் இருந்த அவள் அதைச் சந்துக்குள் வரும்போதே பார்த்துவிட்டாள். பார்த்ததும், பழக்கதோஷம், கண் அவருடைய காலுக்குப் போனது. கால் அழுத்தவில்லை. செருப்புக்குள் சுகமாக இருந்தது.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள். எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்த வழிகாட்டியின் பல்லில் மைக் இடித்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் அவளுடைய வீட்டுக்காரர்.

எல்லோருக்கும் முன்னால் பார்க்கிற மனுஷன், எல்லோருக்கும் பிறகு கேட்கிறார்.

"தூங்கிட்டீங்களா?"

"முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். ஸ்கூட்டர் எங்கேருந்து வந்துது? வானத்துலேருந்து குதிச்ச மாதிரி."

வழிகாட்டி பல்லைத் தடவிக்கொண்டே, இடது பக்கம் தெரிவது பழைய சுங்கச்சாவடிக் கட்டடம் என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் மட்டும் தன் புருஷனின் இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. நல்ல கண்ணாகத்தான் இருந்தது.

ஒரு பயம் வந்து உட்கார்ந்துவிட்டால் அது சும்மாவா இருக்கும்? பழைய சங்கதிகளையெல்லாம் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறது. சாப்பிடும்போது இடது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரை அவர் தட்டிவிடுவது. கூட நடக்கும்போது தோளால் இடிப்பது. அவளுக்கு அது இந்த வயதில் கொஞ்சம் வெட்கமாகவும் சந்தோஷமாகவும்கூட இருந்தது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. "பக்கத்து வண்டிக்காரன் ஒட்டி நிறுத்திட்டான். அது கண்ணாடிதானே, கீறல் கிடையாது" என்று வீட்டில் வந்து சொன்னபோது, ஆமாம் கிடையாது என்று அவளும் சொன்னாள்.

டவுன் பஸ்ஸில் ஜனங்கள் ஏறி இறங்குவது இடது பக்கம்.

பஸ் முதலில் நின்றது பழைய கப்பல் சாமான்களை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த ஒரு நங்கூரத்தின் முன்னால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரும்பு என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். அவள் சத்தமில்லாமல் போய் அவருக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டாள். கையை ஆட்டினாள். அவர் நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பெரிதாக ஆட்டினாள். பிறகு, சொன்னால் வெட்கக்கேடு, பேரன் எடுத்த வயதில், கட்டின புருஷனைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள். கண்ணை உருட்டினாள். காதுகளைப் பிடித்து இழுத்து முகத்தைக் கோணலாக்கினாள். அவர் அசையவில்லை. அந்தப் பக்கமாக வந்த தொப்பிக்கார அம்மா ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அந்த அம்மா இவள் பக்கத்தில் வரவேயில்லை.

"எங்க போயிட்டா இவ?" என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பினார். முகத்துக்கு நேரே அவள் நின்றதைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. "ஆள் வர்ற சத்தமே கேக்கலை. பூனை மாதிரி நடக்கற."

"ஆமா, பூனைதான்" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் அவள் மெதுவாகப் பேச்செடுத்தாள். "ஊருக்குப் போனதும் ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வரலாமா?"

"உனக்கு என்ன, ஊசியில நூல் கோக்க வரலையா?"

"எனக்கில்லை. உங்களுக்கு."

அவர் சிரித்தார். கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை. "எனக்கா? வருஷா வருஷம் டிப்போவுல பாக்கறாங்க. சுவத்துல எழுத்து மாட்டியிருப்பான். கடைசி வரியைக் கடகடன்னு படிச்சுட்டு வருவேன். என் கண்டக்டருக்கு நடு வரியே தகராறு." அதோடு நிறுத்தாமல், எதிர்ச் சுவரில் தொங்கிய விலைப்பட்டியலின் கடைசி வரியை, அதன் அடியில் அச்சகத்தார் பொடி எழுத்தில் போட்டிருந்த பெயர் வரைக்கும் படித்துக் காட்டினார். அவளுக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியவில்லை.

அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இவ்வளவு பொடி எழுத்தைப் படிக்கிற கண்ணுக்கு என்ன கேடு? நான்தான் பைத்தியக்காரி, ஒரு நல்ல நாளை நானே கெடுத்துக்கொள்கிறேன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

கலங்கரை விளக்கத்தின் உச்சியில் அவளுக்கு இன்னும் தைரியம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடல் முழுசாக எதிரில் கிடந்தது. அதை ஆசை தீரப் பார்க்கக்கூட மனசு கேட்கவில்லை. "அங்க பாருங்க, கப்பலா அது?" என்று கையை நீட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். கப்பல்தான் என்றார். சிவப்பு அடிப்பாகம், வெள்ளை மேல்மாடி, முன்னால் ஒரு பாரந்தூக்கி, அதில் ஒருவன் நிற்கிறான் என்றார். அவள் கண்ணுக்கு அது ஒரு கறுப்புப் புள்ளி. "என் கண்ணையா சந்தேகப்பட்ட?" என்று அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அவளும் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

சுழல் படிகளில் இறங்கினார்கள். கைப்பிடிக் கம்பி வலது பக்கம்; இடது பக்கம் ஜனங்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர் முன்னால் போனார். முதலில் ஒரு பெரியவர்மேல் இடித்தார், மன்னிப்புக் கேட்டார். அடுத்து ஒரு கர்ப்பிணிப் பெண். அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டாள். "பார்த்து வரக் கூடாதா, ரொம்பக் குறுகலான படி" என்று அவர் அந்தப் பெண்ணுக்கே புத்தி சொல்லிவிட்டு இறங்கினார்.

பின்னால் வந்த அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் எதைப் பார்க்கிறாரோ அது தெரிகிறது, கடைசி வரி வரைக்கும் தெரிகிறது. பார்க்காதது ஓரத்தில் வந்து நின்றால், அவருக்கு அது உலகத்திலேயே கிடையாது. எழுத்தை நேர் எதிரில் மாட்டிப் பார்க்கிற டிப்போவில் இது எந்த ஜென்மத்தில் தெரியப் போகிறது? மற்றவர்களுக்குத் தெரியாதது இருக்கட்டும். அவருக்கே தெரியவில்லை. இல்லாததை இல்லை என்று ஒரு மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது? ரிட்டயர் ஆக இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை. சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை காலை வண்டியில் முதலில் ஏறுவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பை கனத்தில் சாய்ந்துகொண்டு, ரோட்டில் ஒரு காலும் நடைபாதையில் ஒரு காலுமாக நிற்கும். வழியெல்லாம் இந்த இரண்டு நினைப்பும் மாறி மாறி அவளைப் பிய்த்துத் தின்றன. வழிகாட்டி மீன்பிடித் துறைமுகத்தைக் காட்டினார், மணிக்கூண்டைக் காட்டினார். அவள் எதையும் பார்க்கவில்லை.

கடைசியாகக் கடற்கரை. சாயங்கால வெயிலில் வண்டிகள் நிறுத்தும் மைதானம் பெரிதாக, ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்து ஓடிப்போனார்கள். அவளுடைய வீட்டுக்காரர் மட்டும் நகரவில்லை. காலையிலிருந்தே சுற்றுலா பஸ் டிரைவரோடு ராசியாகிவிட்டார். பெரிய மீசை வைத்த அந்தப் பையன், இவரும் டிரைவர் என்று தெரிந்ததிலிருந்து வாய்க்கு வாய் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கீறலே கிடையாதாண்ணே? ஒண்ணுகூடவா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

மைதானத்துக் காவலாளி விசில் ஊதி, வண்டியை எடுத்து இடது பக்க மூலையில் போடச் சொன்னார். மீசைக்காரன் சாவியை விரலில் சுழற்றினான். "அண்ணே, நீங்களே எடுத்துப் போடுங்களேன். புது மாடல். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பும்." டிரைவர்களுக்குள் இது ஒரு மரியாதை. விருந்தாளிக்கு நாற்காலி போடுவதுபோல் தன் சீட்டைக் கொடுப்பது.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. "வேண்டாங்க. நாம கடல் பாக்கப் போகலாம்."

"ஒரு நிமிஷம். கடல் எங்க போயிடப் போகுது?"

"எனக்கு மயக்கமா வருது."

"நிழல்ல நில்லு. இதோ வந்துட்டேன்." காதில் போட்டுக்கொள்ளாமல் ஏறிவிட்டார்.

மீசைக்காரனிடம் சொல்லலாம், அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிறவனிடம், அண்ணனுக்குக் கண் தெரியாது தம்பி என்று சொல்லலாம். சொன்னாலும் அவர் சிரிப்பார். கடைசி வரியைப் படித்துக் காட்டுவார்.

அவள் நடந்தாள். பஸ்ஸுக்கு முன்னால், இடது பக்கமாக, வண்டி திரும்பிப் போக வேண்டிய வழியில், கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றாள். கட்டியிருந்தது பளிச்சென்ற மஞ்சள் புடவை. மகள் வாங்கித் தந்தது, அந்த மைதானத்தில் அதைவிடப் பளிச்சென்று எதுவும் கிடையாது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அவர் சீட்டைச் சரிசெய்துகொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தது. இப்போது திட்டுவார் என்று காத்திருந்தாள். 'வழியில நிக்காதே, தள்ளிப் போ' என்று கையை வீசிக் கத்துவார். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. எதற்கும் இப்படி ஏங்கி நின்றதில்லை. திட்டிவிட்டால் போதும். எல்லாம் என் பிரமை என்று தலையில் அடித்துக்கொண்டு, அலையில் போய்க் காலை நனைப்பேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அவர் வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். நேரே பார்த்தார். இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பொறுப்பான டிரைவர் எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் பார்த்தார். நேருக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் அவள் நின்றாள். அவருடைய பார்வை அவள்மேல் ஏறி, நிற்காமல், அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

பஸ் நகர்ந்தது. தொட்டில் மாதிரிதான் நகர்ந்தது, ஒரு குலுக்கல் இல்லை. இடது பக்கமாகத் திரும்பி அவளைப் பார்த்து வந்தது. விலகிவிடத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. இதில் தைரியம் ஒன்றும் கிடையாது. பயத்தில் உடம்பு கட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

"அண்ணே... அண்ணி, அண்ணி" என்று உள்ளே படியில் நின்ற மீசைக்காரனின் குரல் கேட்டது. அவன் பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தான். பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. வண்டியின் சூடு அவள் முகத்தில் அடித்தது. கையை நீட்டியிருந்தால் இடது பக்க விளக்கைத் தொட்டிருக்கலாம்.

அவர் இறங்கி ஓடிவந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. முதலில் வந்தது கோபம்தான். "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? வண்டி எடுக்கும்போது திடீர்னு குறுக்க வந்து நிக்கற?"

மீசைக்காரன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "திடீர்னு வரலைண்ணே. நீங்க சீட்டைச் சரிபண்ணும்போதே நின்னாங்க. நீங்க பாத்துட்டீங்கன்னு நினைச்சேன். விளையாட்டுக்கு நிக்கறாங்க, ஆரன் அடிப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் லெப்ட்ல பாத்தேனே."

"பாத்தீங்கண்ணே."

"காலையிலேருந்து அந்தப் பக்கம் நின்னு நின்னு பாக்கறேங்க" என்றாள் அவள். "நங்கூரத்துக்கிட்ட, படியில, எல்லா இடத்துலயும். உங்களுக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியலைங்கறதும் உங்களுக்குத் தெரியலை."

அவர் மறுபடி பஸ்ஸில் ஏறினார். சாவியைக் கழற்றி மீசைக்காரன் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டில் உட்கார்ந்தார். "முன்ன நின்ன இடத்துலயே போய் நில்லு" என்றார். அவள் போய் நின்றாள்.

அவர் நேரே பார்த்தார். அப்புறம் தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். ஓரிடத்தில் தலை சட்டென்று நின்றது. அவள் வந்துவிட்டாள். தலையை நேராக்கினார், அவள் போய்விட்டாள். மறுபடி திருப்பினார். மறுபடி நேராக்கினார். தன் வண்டியில் புதுச் சத்தம் கேட்டால் என்ன ஏது என்று நிதானமாகத் தேடுவாரே, அதே நிதானம்.

கடலிலிருந்து ஜனங்கள் நனைந்த காலோடு திரும்பி வர ஆரம்பித்தார்கள். அவள் ஓடிப்போய்ப் படியில் ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். இடது பக்கம் நிற்கிறோம் என்று உறைத்ததும், சீட்டுக்குப் பின்னால் குனிந்து, வலது தோளுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோனாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கலாம், மருந்து இருக்கும், அவளுக்கு நம்பிக்கையில்லாவிட்டாலும் சொல்லலாம்.

அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, அவள் நின்றிருந்த இடத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து காலையில பள்ளிக்கூட ஸ்டாப்புல வண்டியை எடுத்தேன்" என்றார். "அந்தப் பக்கம் ஒருத்தருமே இல்லைன்னு நினைச்சுத்தான் எடுத்தேன்."